மைல்கல் - ஒரு சொல்லின் வரலாறு



இன்றைய பேச்சில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது பிறந்த கதையையும் வளர்ந்த கதையையும் காண்போம். 'மைல்ஸ்டோன்' என்பது அந்தச் சொல். தமிழில் இதனை மைல்கல் என்று அப்படியே எடுத்துக்கொண்டோம். மேடையில் பேசுகிறவர்களுக்கு இது மிகவும் பிடித்த சொல். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே, 'இது நம் வரலாற்றில் ஒரு மைல்கல்' என்பார்கள். பிள்ளை பல்கலைக்கழகத்தில் நுழைந்தால், 'குடும்பத்திற்கு இது ஒரு மைல்கல்' என்பார்கள். கேட்கிறவர்களும் கை தட்டுவார்கள். ஆனால் இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம், 'மைல்கல்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்றே சொல்லுவர். பொருள் தெரியும், பொருளுக்கு அடிப்படையான கல்லைத் தெரியாது.

ஒரு சொல்லின் வேர் தெரியாமல் அதனைப் பயன்படுத்தினால், சில சமயம் அதைத் தவறான இடத்தில் வைத்துவிடுவோம். மைல்கல் என்ற சொல்லுக்கும் அந்த ஆபத்து நேர்ந்திருக்கிறது. எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் சொல்லின் அமைப்பைக் கவனிப்போம். 'மைல்' ஒரு சொல். 'ஸ்டோன்' ஒரு சொல். இரண்டும் சேர்ந்து ஒரு தனிச்சொல்லாகின்றன. இத்தகைய கூட்டுச்சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றுள் சில, உள்ளது உள்ளபடியே பொருள் தரும். 'பிளாக்போர்டு' என்றால் கரும்பலகை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேறு சில, இரண்டு பொருள் தரும். 'பாட்டில்நெக்' என்றால் போத்தலின் கழுத்து. அதுவே, அகன்ற சாலை திடீரென்று குறுகி வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தையும் குறிக்கும். முதலாவது நேர்ப்பொருள். இரண்டாவது, அதனை ஒப்புமையாக வைத்துப் பிறந்த உவமைப்பொருள்.

இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய வித்தையன்று. நம் தமிழிலும் உண்டு. விளக்கின் திரியைத் தூண்டிவிடும் சிறு குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். இன்று ஊக்கம் தரும் மனிதரைத் தூண்டுகோல் என்கிறோம். பொற்கொல்லர் தங்கத்தை உரைத்துப் பார்க்கும் கல் உரைகல். இன்று நேர்மையைச் சோதிக்கும் எதனையும் உரைகல் என்கிறோம். வண்டி நகராதபடி சக்கரத்தின் அடியில் கொடுக்கும் கட்டைதான் முட்டுக்கட்டை. இன்று ஒரு காரியத்தைத் தடுக்கிறவர் முட்டுக்கட்டை போடுகிறார். திரிவிளக்கும் மாட்டுவண்டியும் வீட்டைவிட்டுப் போய்விட்டன. அவை தந்த சொற்கள் மட்டும் போகவில்லை.

இனி மைல்கல்லுக்கு வருவோம். 'மைல்' என்ற சொல்லே ஓர் எண்ணிலிருந்து பிறந்தது. பழைய ரோமானியரின் மொழியான இலத்தீனில் 'மில்லே' என்றால் ஆயிரம். 'மில்லே பாசுஸ்' என்றால் ஆயிரம் எட்டு. அவர்கள் கணக்கில் ஓர் எட்டு என்பது இரண்டு காலடிகள் கொண்டது. வலக்கால் தரையைத் தொட்டு, இடக்கால் தொட்டு, மீண்டும் வலக்கால் தொட்டால்தான் ஓர் எட்டு. அது ஐந்து ரோமானிய அடி நீளம். ஆயிரம் எட்டு 5,000 அடி. இன்றைய அளவில் ஏறத்தாழ 1,480 மீட்டர். ஆக, மைல் என்ற சொல்லுக்குள்ளே மனிதனின் கால் இருக்கிறது. நடந்து நடந்து எண்ணியதால் பிறந்த அளவு அது.

ரோமானியர் சாலை போடுவதில் வல்லவர்கள். கி.மு. 312ஆம் ஆண்டில் அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி, ரோம் நகரிலிருந்து தெற்கே காப்புவா என்ற ஊருக்கு ஒரு பெருஞ்சாலையைத் தொடங்கினார். அவர் பெயராலேயே அது 'அப்பியச் சாலை' எனப்பட்டது. படைகள் விரைந்து செல்லவும், செய்திகள் விரைந்து வரவும் சாலைகள் தேவைப்பட்டன. சாலை நீள நீள, எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு தூரம் என்று அறிய வேண்டியதாயிற்று. ஆகவே மைலுக்கு ஒரு கல் நட்டார்கள்.

கி.மு. 123ஆம் ஆண்டில் மக்கள் பிரதிநிதியாக இருந்த காயஸ் கிராக்கஸ் என்பவர், சாலைகளை மைல் கணக்கில் அளந்து, ஒவ்வொரு மைலுக்கும் கல்தூண் நாட்டச் செய்தார் என்று புளூட்டார்க் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பும் இத்தகைய கற்கள் இருந்தன. ஆயினும் அதனை ஒழுங்குபடுத்திய பெருமை அவருக்குத் தரப்படுகிறது. அந்தக் கற்கள் உருண்டை வடிவான பெரிய தூண்கள். ஓர் ஆள் உயரமும் அதற்கு மேலும் இருக்கும். கல்லின்மேல் தூரத்தை மட்டுமா பொறித்தார்கள்? சாலையைப் போட்ட ஆட்சியாளர் பெயரையும், பின்னாளில் பேரரசர் பெயரையும் அவருடைய பட்டங்களையும் நீளமாகப் பொறித்தார்கள். வழிப்போக்கன் தூரத்தைப் படிக்கும்போது, யாருடைய ஆட்சியில் நடக்கிறோம் என்பதையும் சேர்த்துப் படித்தான்.

கி.மு. 20ஆம் ஆண்டில் அகஸ்டஸ் பேரரசர் ரோம் நகரின் நடுவே, பொதுமன்றத்தில் ஒரு சிறப்பான தூணை நிறுத்தினார். 'பொன் மைல்கல்' என்பது அதற்குப் பெயர். பேரரசின் பெருஞ்சாலைகள் யாவும் அங்கிருந்து தொடங்குவதாக ஓர் எண்ணம். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ண வேண்டுமானால், எங்கிருந்து எண்ணுவது என்று ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தீர்மானிக்கிறவர் அதிகாரம் உடையவர்.

பிரிட்டன் தீவையும் ரோமானியர் ஆண்டார்கள். அங்கேயும் சாலை போட்டார்கள், கல் நட்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களின் ஆட்சி அங்கே முடிந்தது. அவர்கள் நட்ட கற்களில் நூற்றுக்கு மேற்பட்டவை கண்டெடுக்கப்பட்டுள்ளன. வட இங்கிலாந்தில் விண்டொலாண்டா என்ற பழைய கோட்டைக்கு அருகில், ஒரு மைல்கல் நட்ட இடத்திலேயே இன்றும் நிற்கிறது. ரோமானியர் போய்விட்டாலும் 'மைல்' என்ற சொல்லை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டனர்.

ஆனால் அளவு ஒழுங்காக இல்லை. ஊருக்கு ஒரு மைல் வழங்கியது. 1593ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், நாடாளுமன்றச் சட்டம் ஒன்று மைலுக்கு 5,280 அடி என்று வரையறுத்தது. ஏன் 5,000 என்று வட்டமாக வைக்கவில்லை? அதற்குக் காரணம் உழவர்கள். இங்கிலாந்தில் 'ஃபர்லாங்' என்று ஒரு நில அளவு இருந்தது. அதுவும் ஒரு கூட்டுச்சொல்தான். உழுசாலின் நீளம் என்பது அதன் பொருள். ஒரு ஃபர்லாங் 660 அடி. நிலப் பத்திரங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. அதை மாற்றினால் ஊரெல்லாம் வழக்கு வரும். ஆகவே எட்டு ஃபர்லாங் ஒரு மைல் என்று வைத்துக்கொண்டனர். எட்டை 660ஆல் பெருக்கிப் பாருங்கள், 5,280 வரும். படைவீரன் நடையில் பிறந்த மைல், உழவனின் ஏர்ச்சாலுக்கு ஏற்ப நீண்டது.

ரோமானியருக்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் இங்கிலாந்தில் புதிய மைல்கற்கள் நடப்படவில்லை. 1720களில்தான் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் வரிசையாக மைல்கற்கள் நட்டார்கள். அங்குள்ள ஒரு மாதாகோயிலிலிருந்து அந்தத் தூரம் அளக்கப்பட்டது. அந்த நூற்றாண்டில் சுங்கச் சாலைகள் பெருகின. சாலையைப் பராமரிக்க ஒரு குழு. வழியில் ஒரு தடுப்பு. காசு கொடுத்தால் வழி. அத்தகைய சாலைகளில் மைல்கல் நடுவது 1767ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. 1784ஆம் ஆண்டில் தபால் வண்டிகள் ஓடத் தொடங்கின. குதிரைக்கு வாடகை மைல் கணக்கில். வண்டி நேரத்திற்கு வருகிறதா என்ற சோதனையும் மைல் கணக்கில். மைல்கல் மக்கள் வாழ்க்கையின் அன்றாடப் பொருளாகிவிட்டது.

ஒரு பொருள் அன்றாட வாழ்க்கையில் நன்றாகப் பழகிய பிறகுதான் உவமைப்பொருள் பிறக்கும். அப்படியே 19ஆம் நூற்றாண்டில், வாழ்க்கையை ஒரு சாலையாகவும், அதில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளை மைல்கற்களாகவும் ஆங்கிலேயர் எழுதத் தொடங்கினர். பிறந்தநாள் ஒரு மைல்கல், திருமணம் ஒரு மைல்கல், ஒரு புதிய சட்டம் நாட்டின் மைல்கல் என்று வழக்கு பரவியது.

இங்கே ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'மில்ஸ்டோன்' என்று இன்னொரு சொல் உண்டு. அது மாவு அரைக்கும் எந்திரக்கல். கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டியது போல என்றால், சுமக்க முடியாத சுமை என்று பொருள். 'அந்தக் கடன் அவனுக்கு மில்ஸ்டோன்' என்று எழுத வேண்டிய இடத்தில் மைல்ஸ்டோன் என்று எழுதிவிட்டால், கடன் பெருமைக்குரியதாகிவிடும்!

மைல்கல் வெள்ளைக்காரர் மட்டுமே கண்ட பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் தருமபுரிப் பகுதியில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூரக்கற்கள் கிடைத்திருக்கின்றன. அதியமான் பெருவழி என்ற நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றவை அவை. நாவற்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று ஒரு கல் சொல்லுகிறது. 27 காதம் என்று இன்னொரு கல் சொல்லுகிறது. அந்த 29 காதக் கல்லில் ஒரு சிறப்பு உண்டு. எழுத்தால் பொறித்ததோடு நில்லாமல், கல்லில் குழிகளையும் வெட்டி வைத்தார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. எழுத்தறியாத வணிகனும் மாட்டுக்காரனும் விரலால் தடவிப் பார்த்தே தூரத்தை அறிந்துகொள்ளலாம். ரோமானியர் கல் பேரரசரின் பட்டங்களைச் சொன்னது. இந்தக் கல்லை வெட்டியவர் எழுத்துத் தெரியாதவரையும் நினைத்திருக்கிறார். கல்வி எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று நினைக்கிற எந்த ஆசிரியருக்கும் இந்தக் கல்லைப் பார்த்தால் மனம் நெகிழும்.

இனி நம் மலேசிய, சிங்கை மண்ணுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஈயச் சுரங்கங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சாலைகள் தேவைப்பட்டன. பொதுப்பணி இலாகாவிலும் இரயில்வேயிலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினராக வேலை செய்தார்கள். கல் உடைத்து, மண் வெட்டி, தார் ஊற்றிச் சாலை போட்டவர்களில் நம்மவர்கள் முன்னே நின்றார்கள். அந்தச் சாலைகளின் ஓரத்தில் மைலுக்கு ஒரு கல் நின்றது.

அந்தக் கல்லை நம் நாட்டு மக்கள் தத்தம் மொழியில் எவ்வாறு அழைத்தார்கள் என்பது சுவையான செய்தி. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். மைலுக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். 'பத்து தீகா' என்றால் மூன்றாவது மைல். செராஸ் சாலையில் 'பத்து செம்பிலான்' என்றால் ஒன்பதாவது மைல். உலு லங்காட்டில் 'பத்து அம்பாட் பெலாஸ்' என்றால் பதினான்காவது மைல். தமிழ்க் காதுக்குப் பத்து என்பது எண்ணாகக் கேட்கும். ஆனால் அது எண்ணன்று, கல்! அதற்காகப் பத்து என்று தொடங்கும் ஊரெல்லாம் மைல் என்றும் எண்ணிவிடக் கூடாது. பத்து காஜாவில் யானையும் கல்லும் உண்டு, மைல் இல்லை. பத்து பகாட் என்றால் செதுக்கிய கல். பத்து ஆராங் என்றால் நிலக்கரி. பின்னால் எண் வந்தால்தான் அது மைல்.

சீனரும் அவ்வாறே செய்தனர். சிங்கப்பூரில் ஹவ்காங் வட்டாரத்தில் ஐந்தாவது மைல், ஆறாவது மைல் என்னும் இடங்களை, ஐந்து கல், ஆறு கல் என்னும் பொருள்படவே தங்கள் மொழியில் அழைத்தனர். தமிழர்களாகிய நாம் என்ன சொன்னோம்? 'கட்டை' என்றோம். நாலாங்கட்டை, ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை! சாலையோரத்தில் குட்டையாக நட்டு நின்றதைப் பார்த்துக் கட்டை என்று பெயரிட்டார்கள் நம் பாட்டன் பாட்டிமார். இலங்கைத் தமிழரிடமும் இந்த வழக்கு உண்டு. ஆங்கிலப் படிப்பு இல்லாதவர்கள், மைல்ஸ்டோன் என்ற சொல்லைக் கடன் வாங்காமல், கண்ணால் கண்டதை வைத்து ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டார்கள். மூன்று மொழியும் ஒரே கல்லைப் பார்த்து, மூன்று வழியில் ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்தன.

சிங்கப்பூரில் இந்தக் கட்டைகளை எங்கிருந்து எண்ணினார்கள் தெரியுமா? 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஃபுல்லர்டன் கட்டடத்தில் இருந்த பெரிய தபால் நிலையத்திலிருந்து எண்ணினார்கள். ரோமில் பொன் மைல்கல். சிங்கையில் தபால் நிலையம். தோட்டத்தைப் பற்றி எண்ணிப் பாருங்கள். பெரிய சாலையில் கட்டை நின்றது. அங்கிருந்து செம்மண் சாலையில் உள்ளே நடந்து லயத்தை அடைய எத்தனை தூரமோ, அந்தத் தூரத்திற்கு அரசாங்கம் கல் நடவில்லை. ஊருக்குப் போன கடிதத்தில், 'இன்ன ரோட்டில் இத்தனையாவது கட்டை' என்று எழுதினார்கள். கட்டைக்கு அப்பால் உள்ள வழியை நடந்தவர்களின் கால்தான் அறியும்.

மைல்கல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஒரு சான்று சொல்லுகிறேன். 1940ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை பிரிட்டனுக்குள் இறங்கிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அப்போது பிரிட்டிஷ் அரசாங்கம் வழிகாட்டிப் பலகைகளை அகற்றியது. மைல்கற்களைப் பிடுங்கியும், மண்ணில் புதைத்தும், எழுத்தை அழித்தும் வைத்தார்கள். வந்த பகைவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியக்கூடாது என்பதே நோக்கம். எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் திண்டாடுவான். போர் முடிந்தபின் பல கற்களைத் தேடி எடுத்து மீண்டும் நட்டார்கள்.

மலேசியாவில் மைல்கல்லை அகற்றியது போரன்று, மீட்டர். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து, படிப்படியாக மெட்ரிக் முறை வந்தது. கட்டி, தாகில் போய்க் கிலோ வந்தது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். சாலையோரக் கற்களில் எண்கள் மாறின. ஆனால் பத்து தீகா, பத்து தீகாவாகவே இருக்கிறது. அதனை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் என்று யாரும் பெயர் மாற்றவில்லை. மைல்கல் என்ற உவமையையும் யாரும் கிலோமீட்டர்க்கல் என்று மாற்றவில்லை. கல் போனாலும் சொல் நின்றது.

அன்பர்களே, இப்பொழுது தொடக்கத்தில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். கல்லை மறந்துவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டதால், பலர் மைல்கல் என்பதைச் சிகரம் என்ற பொருளில் வழங்குகின்றனர். ஏதோ ஒன்றைச் சாதித்து முடித்துவிட்டோம், இனிச் செய்ய வேண்டியது இல்லை என்பது போலப் பேசுகின்றனர். உண்மையான மைல்கல் எங்கே நின்றது? சாலையின் ஓரத்தில், பயணத்தின் நடுவில். மைல்கல்லைக் கண்டவன் அங்கே பாயை விரித்துப் படுத்துக்கொள்ளவில்லை. எண்ணைப் பார்த்தான், கடந்ததைக் கணக்கிட்டான், மேலே நடந்தான். கல்லின் வேலை அவ்வளவுதான்.

நம் சொந்த வரலாற்றை இந்த அளவுகோலால் பார்ப்போம். 1910ஆம் ஆண்டில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கான பழைய ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்பட்டது. அது ஒரு மைல்கல். ஆனால் அதோடு துன்பம் ஒழிந்ததா? கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. தொழில் தேர்ச்சியற்ற தொழிலாளர்கள் உதவி பெற்று மலாயாவுக்குப் புறப்படுவதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை செய்த பிறகே அது முடிவுக்கு வந்தது. முதல் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே 28 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் கப்பல் ஏறி வந்தன!

கல்வியைப் பார்ப்போம். 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது. மலாயாவில் தமிழ்க் கல்விக்கு அதுவே தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்று நடத்த வேண்டும் என்றது. இதுவும் மைல்கல்தான். ஆயினும் சட்டம் பள்ளி வேண்டும் என்றதே தவிர, எல்லாத் தோட்டத்திலும் நல்ல கட்டடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உடனே வந்துவிடவில்லை. அதற்காக இன்னும் பல ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது.

1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியச் சங்கமாயின. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையிழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் உழைப்பின் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆயினர். 2013ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றுள் எதனைச் சிகரம் என்று சொல்லலாம்? எதுவும் சிகரமன்று. ஒவ்வொன்றும் ஒரு கட்டை. ஒன்றைக் கடந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தால், அடுத்தது வந்திருக்காது.

உவமைப்பொருளைச் சரியாக வழங்குவதற்கு மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். முதலாவது, இந்தச் சாலை எங்கே போகிறது? போகும் ஊர் தெரியாவிட்டால் கல்லுக்குப் பொருளில்லை. இரண்டாவது, எண் என்ன? கடந்தது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். மூன்றாவது, எங்கிருந்து எண்ணுகிறோம்?

இந்த மூன்றாவது கேள்வியைப் பெற்றோர்கள் சற்று ஆழ்ந்து எண்ண வேண்டும். பட்டணத்தில், புத்தகம் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று. விடியற்காலையில் தாயும் தகப்பனும் பெரட்டுக்குப் போய்விட, தம்பி தங்கைக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்த தோட்டத்துப் பிள்ளை ஒன்று. தேர்வில் இரண்டும் ஒரே புள்ளி வாங்குகின்றன. கல்லின் மேலே உள்ள எண் ஒன்றுதான். ஆனால் நடந்த தூரம் ஒன்றா? தபால் நிலையத்திலிருந்து எண்ணினால் ஒரு கணக்கு. லயத்து வாசலிலிருந்து எண்ணினால் வேறு கணக்கு. இதைச் சொல்லுவது, தோட்டத்துப் பிள்ளைக்குச் சலுகை கேட்பதற்காக அன்று. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள், 'பக்கத்து வீட்டுப் பிள்ளை அவ்வளவு வாங்கியிருக்கிறதே' என்று ஏசுவதற்கு முன்னால், தங்கள் பிள்ளை எங்கிருந்து நடக்கத் தொடங்கியது என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

அதே போல, பிள்ளை ஒரு தேர்வில் தவறிவிட்டால், எல்லாம் முடிந்தது என்று தலையில் கை வைத்து உட்காரவும் வேண்டியதில்லை. ஒரு கட்டை தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். சாலை முடிந்துவிடவில்லை. பிள்ளை தேர்வில் சிறந்துவிட்டால், விருந்து வைத்து ஊரைக் கூட்டிய கையோடு படிப்பை மறந்துவிடவும் கூடாது. அங்கேயும் சாலை முடிந்துவிடவில்லை.

இன்னும் ஒரு வேண்டுகோள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நாலாங்கட்டை, ஏழாங்கட்டை என்று பெரியவர்கள் வழங்கிய பெயர்கள் பேச்சிலிருந்து மெல்ல மெல்ல மறைகின்றன. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், பிள்ளைகளை அவர்கள் அருகில் உட்கார வைத்து, எந்தக் கட்டையில் எந்தத் தோட்டம் இருந்தது, எந்தக் கட்டையில் கடை இருந்தது, எந்தக் கட்டையில் கோயில் இருந்தது என்று கேட்டு, ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சாலையைப் போட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் இட்ட பெயரையாவது நாம் காப்பாற்றி வைக்கலாம் அல்லவா?

அடுத்த முறை மேடையில் யாரேனும், 'இது ஒரு மைல்கல்' என்று சொல்லக் கேட்டால், தாராளமாகக் கை தட்டுங்கள். தட்டிவிட்டு, 'ஐயா, அடுத்த கட்டை எவ்வளவு தூரம்?' என்றும் கேளுங்கள்.